சாரல் நனைத்தது ஒரு விரற்கடை

இந்த ஆனி மாதம் ஒரு காலையில் என் கைப்பேசிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. "உங்கள் பகுதியில் இன்று சாரல். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை." அனுப்பியது நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பத்திரிகையின் கைப்பேசிப் பதிப்பு. என் வீடு மலையடிவாரத்தில், இலஞ்சியில். வாசலில் இறங்கிப் பார்த்தேன். மண் சொதசொதவென்று இருந்தது. அறிவிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பத்து நிமிடத்தில் அதே அறிவிப்பு மறுபடி வந்தது. இந்த முறை அனுப்பியவள் கோமதி. பாவூர்சத்திரத்தைத் தாண்டி, திருநெல்வேலி ரோட்டோரத்தில் அவள் வீடு. அறிவிப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: "அக்கா, உங்க ஆளுக மறுபடியும் ஆரம்பிச்சிட்டாக."

அலுவலகத்துக்குப் பேசி அந்த வரியை வாசித்துக் காட்டினேன். பத்திரிகையின் தோட்டப் பகுதியை இப்போது பார்த்துக்கொள்ளும் பெண் எனக்குப் பின் வேலைக்கு வந்தவள். என் குரலில் இருந்த சிரிப்பு அவளுக்குப் புரியவில்லை. "மறுபடியும்னா என்ன மேடம்? முன்னாடி எப்ப நடந்தது? எழுதிக் கொடுங்களேன், இங்க எல்லாரும் படிக்கட்டும்" என்றாள். அதற்காகத்தான் எழுதுகிறேன். தவறு செய்தது நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலி அலுவலகத்தில் பிழை திருத்துபவளாகச் சேர்ந்தேன். நான்கு வருடம் ஒற்றுப்பிழை, சந்திப்பிழை, இறந்தவர் வயதில் இலக்கம் மாறிய பிழை. பிறகு தென்காசிக்கு நிருபராக அனுப்பினார்கள். அப்போது தென்காசி தனி மாவட்டம் ஆகவில்லை. அருவியில் தண்ணீர் கொட்டுகிறதா, குளிக்க அனுமதி உண்டா என்பதுதான் வருடத்தில் மூன்று மாதம் எங்கள் முதல் செய்தி.

செய்தியைத் திருநெல்வேலியில் வாங்கிப் பார்ப்பவர் இசக்கிமுத்து சார். பக்கப் பொறுப்பாசிரியர். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பென்சில். திட்ட மாட்டார், பாராட்ட மாட்டார். ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் "எவ்வளவு?" என்று எழுதுவார். "நல்ல மழை" என்றால் வட்டம். "ஏராளமான பயணிகள்" என்றால் வட்டம். "நீண்ட நாள் கோரிக்கை" என்றால் இரண்டு வட்டம். தொலைபேசியில் கேட்டால் இன்னும் மோசம். கேள்வி கேட்டுவிட்டு அப்படியே இருப்பார். அந்தப் பக்கம் டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்கும். நாம் பதில் சொல்லும் வரை வேறு சத்தம் வராது.

தோட்டப் பகுதி தொடங்கியது திட்டமிட்டல்ல. ஒரு சனிக்கிழமைப் பக்கத்தில் கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வராமல் போனது. ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இடம் காலி. "உங்க வீட்டுல செடி வச்சிருக்கியே, அதப் பத்தி நாலு வரி அனுப்பு" என்றார் சார். அனுப்பினேன். அடுத்த வாரம் ஒன்பது கடிதம் வந்தது. அதன் பிறகு எந்த விளம்பரம் வந்தாலும் அந்த இடத்தைத் தர சார் மறுத்துவிட்டார்.

கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கேள்வி: தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், செடி ஏன் வாடுகிறது? போய்ப் பார்த்தால் பதில் கண்ணெதிரே இருக்கும். தென்காசியில் ஒரு வங்கி மேலாளர் மாலை ஐந்து மணிக்கு ஓஸ் முனையில் கட்டைவிரலை வைத்து இலைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பார்க்க அழகாக இருந்தது. நான் காலால் மண்ணைக் கீறிக் காட்டினேன். மேலே ஈரம், கீழே புழுதி. "தினமும் உதட்டை மட்டும் நனைச்சுவிட்டா உங்களுக்குத் தாகம் தீருமா சார்?" என்று கேட்டேன். மறு மாதம் அவர் தோட்டத்தில் கத்தரி காய்த்தது. இப்படி இருபது முப்பது வீடு பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தைரியம் வந்தால் எழுத்தில் அலங்காரமும் கூடவே வரும்.

ஓர் ஆனி மாதம் இலஞ்சியில் என் வீட்டு ஜன்னலருகே உட்கார்ந்து எழுதினேன். வெளியே மூன்று நாளாகச் சாரல். தென்னை மட்டைகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. எழுதியதை வரி மாறாமல் இங்கே தருகிறேன்: "சாரல் கட்டிவிட்டது. இனி இரண்டு மாதம் வீட்டுத் தோட்டங்களுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. மோட்டாருக்கும் உங்கள் கைக்கும் ஓய்வு கொடுங்கள்." அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மாலையில் சார் கூப்பிட்டார்.

"இது எந்த ஊருக்கு?"

"எல்லா ஊருக்கும்தான் சார். தாலுகா முழுக்கச் சாரல்."

டீ கிளாஸ் சத்தம் கேட்டது.

"பாத்தியா?"

"கண்ணு முன்னாடி பெய்யுது சார்."

"சரி" என்று வைத்துவிட்டார். எழுதியது அப்படியே அச்சில் வந்தது.

மூன்று வாரம் கழித்து அவர் கூப்பிட்டபோது குரலில் எந்த மாற்றமும் இல்லை. "உனக்கு ஒரு கவர் வந்திருக்கு. பிரிச்சிட்டேன். உள்ள கடிதம் ஒண்ணு, எலுமிச்சம்பிஞ்சு ஆறு. கோலிக்குண்டு அளவு. காஞ்சு போயிருக்கு. கடிதத்த வாசிக்கவா?"

வாசித்தார். "பத்திரிகையில் எழுதியவர்களுக்கு. எங்கள் வீட்டில் ஒன்பது எலுமிச்சை மரம் இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்துத் தண்ணீரை நிறுத்தினேன். காய் உதிர்கிறது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள். கோமதி." கீழே முகவரி.

"சார், பூச்சியா இருக்கலாம். எலுமிச்சைல..."

"பாத்தியா?"

முகவரியை எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். இலஞ்சியிலிருந்து அந்த வீடு இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. தென்காசியைத் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டருக்குள் ஜன்னலுக்கு வெளியே மாறிவிட்டது. வானம் அதே சாம்பல் நிறம்தான். காற்று இலஞ்சியைவிடப் பலம். காற்றாலைகள் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தன. நடுவில் இரண்டு நிமிடம் பஸ் கண்ணாடியில் தூறல் விழுந்தது. பஸ்ஸில் எல்லாரும் ஷட்டரை இறக்கினார்கள். ரோடு முழுக்க நனைவதற்குள் தூறல் நின்றுவிட்டது.

கோமதிக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் புனலூரில் வேலை பார்த்தார். மாதம் ஒரு முறை வருவார். வீடும் கிணறும் மரங்களும் இவள் பொறுப்பு. நான் யாரென்று சொன்னதும் உள்ளே கூப்பிடவில்லை. நேராகப் பின்பக்கம் நடந்தாள்.

ஒன்பது மரம். ஏழு, வீட்டுக்குப் பின்னால். இரண்டு மட்டும் முன்னால், ரோட்டோர மூலையில். இலைகள் படகு போல மேல்நோக்கி மடங்கியிருந்தன. தரையெல்லாம் பிஞ்சு. சுவரில் ஆணியில் ஓஸ் சுருட்டி மாட்டியிருந்தது. வருகிற வழியில் பார்த்த வீடுகளிலும் அப்படித்தான். அந்தப் பக்கத்தில் அது ஒரு வழக்கம். முதல் சாரல் முகத்தில் பட்டதும் ஓஸைச் சுருட்டி மாட்டிவிடுவார்கள். கோமதி மட்டும்தான் வருடா வருடம் அதைச் செய்யாதவள்.

"எங்க மாமியார் இருந்தப்பவே, சாரல் காலத்துலயும் வாரம் ஒரு தடவ கட்டாயம் ஊத்துவோம்க்கா. ஏன்னு அவுகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊத்தினா மரம் நல்லா நிக்கும், அம்புட்டுதான். இந்த வருசம் நீங்க பேப்பர்ல போட்டுட்டீக. சரி, படிச்சவுக சொல்லுதாக, கெணத்துலயும் தண்ணி கம்மியாத்தான் கெடக்குன்னு நிப்பாட்டுனேன்."

"அப்புறம்?"

"எல மடங்கிச்சு. பயந்து போயி ஒரே நாள்ல கெணறு வத்துற மட்டும் மோட்டார ஓட விட்டு எல்லா மரத்துக்கும் பாய்ச்சிட்டேன். மறுநாளே பொலபொலன்னு கொட்டிருச்சு."

அதுவும் எனக்குப் புதிது அல்ல. நாள் கணக்கில் காயப் போட்டுத் திடீரென்று பாய்ச்சினால் எலுமிச்சை பிஞ்சை உதிர்த்துவிடும். முதல் தவறு என்னுடையது. இரண்டாவது தவறு முதல் தவறு பெற்றது.

அப்போது வீட்டின் பக்கவாட்டிலிருந்து அவள் கொழுந்தன் மாரியப்பன் வந்தான். ஐந்தருவியில் சீசன் கடை போட்டு எலுமிச்சை ஜூஸ் விற்பவன். இந்த மரங்களின் காய் அவன் கடைக்குத்தான் போகும். ஆனால் அவனுக்கு இப்போது வேறு யோசனை. வீட்டைச் சுற்றியிருக்கும் இடத்தில் சீசனுக்கு வருகிறவர்கள் தங்க மூன்று அறை கட்ட வேண்டும். பின்பக்கச் சுவரோரம் கம்பிக்கட்டு வந்து இறங்கியிருந்தது.

"மேடமா எழுதுனீக? நல்லது" என்றான். "தண்ணி ஊத்தாதன்னு மூணு வாரத்துக்கு முன்னால போட்டீக. இப்ப என்ன, எலையெல்லாம் ஈரத்துணி வச்சுத் தொடைக்கச் சொல்லுவீகளா?"

"சும்மா இருங்க கொழுந்தனாரே."

"இல்ல மதினி, கேக்கேன். எலுமிச்சம்பழம் புளியங்குடி மார்க்கெட்ல மூடை மூடையாக் கெடக்கு. இந்த ஒம்பது குச்சிக்குக் கெணத்த வத்த விடணுமா? அண்ணன்கிட்டப் பேசியாச்சு. ஆவணி மொத முகூர்த்தத்துல அஸ்திவாரம். மரம் நல்லா நின்னாப் பாப்போம்னு அண்ணன் சொல்லுதான். பட்டுப்போனா என்னத்தப் பாக்க?"

நிலைமை எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆவணிக்குள் மரங்கள் தேறவில்லையென்றால் ஒன்பதும் போகும். அதற்குத் தேவையான காரணத்தை நான் அச்சில் கொடுத்திருந்தேன்.

மண் எவ்வளவு ஆழம் நனைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். காலால் கீறினால் எலுமிச்சைக்குப் போதாது. கம்பிக்கட்டைப் பார்த்தேன். "இதுல மெல்லிசா ஒரு கம்பி தாங்க" என்று மாரியப்பனிடம் கேட்டேன். முறைத்துவிட்டு, வளையம் வளைக்க வைத்திருந்த கம்பியில் முழங்கை நீளம் வெட்டிக் கொடுத்தான்.

ஈர மண்ணில் கம்பி தானாக இறங்கும். காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். கையில் எந்தக் கருவியும் இல்லாதவர்களுக்கு இதைவிடச் சரியான அளவு கிடையாது. சாரலில் நனைந்து கறுத்துக் கிடந்த இடமாகப் பார்த்து, கிளைகளின் ஓரத்துக்கு நேர் கீழே கம்பியை ஊன்றி அழுத்தினேன். இறங்கியது. நின்றது. வெளியே எடுத்து விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு விரற்கடை.

எட்டு இடத்தில் குத்தினேன். எங்கும் அதே அளவுதான். கோமதி கம்பியை வாங்கித் தானே ஒரு தரம் குத்தினாள். அவளுக்கும் அங்கேயே நின்றது.

"இம்புட்டுதானா நனைஞ்சிருக்கு?" என்றாள். "ஒரு மாசமா ஈரக்காத்தா அடிக்கே!"

அதுதான் விஷயம். மேகம் மூடியிருக்கிறது, குளிர்ச்சியாக இருக்கிறது, நமக்கே தாகம் எடுப்பதில்லை. இலை நனைகிறது, ரோடு நனைகிறது, குடை விரிகிறது. ஆனால் மலையை விட்டு விலக விலகச் சாரல் மெலிந்து, காற்று மட்டும் மிஞ்சுகிறது. அந்தக் காற்று சாரல் கொடுத்ததைவிட அதிகமாக மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. நான் இலஞ்சி ஜன்னலிலிருந்து பாவூர்சத்திரத்துக்கு எழுதியிருந்தேன்.

அன்று மாலை சாருக்குச் சொன்னேன். "தப்பு என்னோடது சார். கிழக்கே போகப் போகச் சாரல் மண்ணுக்குள்ள இறங்கல."

"எவ்வளவு இறங்குது?"

"ஒரு விரற்கடை."

"எத்தனை இடத்துல குத்தினே?"

"எட்டு."

டீ கிளாஸ் சத்தம். "அதையே எழுதி அனுப்பு. வருந்துகிறோம், வாசகர்கள் பொறுத்தருள்க, இதெல்லாம் வேண்டாம். என்ன எழுதினோம், என்ன தப்பு, எது சரி. மூணு வரி."

அவரிடம் ஒரு விதி இருந்தது. தப்பு எந்தப் பக்கத்தில், எந்த இடத்தில், எந்த அளவு எழுத்தில் வந்ததோ, திருத்தமும் அதே பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் வரும். ஒரு சனிக்கிழமை தோட்டப் பகுதி முழுவதும் அந்த மூன்று வரி மட்டும் வந்தது. சுற்றிலும் வெள்ளை. மிச்ச இடத்தில் வேறு எதையாவது போடலாமே என்று கேட்டேன். "போன தடவை உன் தப்பு அவ்வளவு இடத்தை எடுத்துக்கிச்சே" என்றார்.

பிறகு ஒன்று சொன்னார். "மத்த ஊரெல்லாம் திருத்தத்தப் படிச்சிட்டுத் தண்ணி ஊத்திரும். அந்தப் பொம்பளைக்குத் திருத்தம் போதாது. நீ போய்ப் பாரு. அந்த மரம் என்ன ஆகுதுன்னு தெரியாம அடுத்த வாரம் நீ ஒண்ணும் எழுத வேண்டாம்."

ஆக, வாரம் ஒரு முறை போனேன்.

கிணற்றில் தண்ணீர் உண்மையிலேயே குறைவு. வீட்டுக்கு எடுத்தது போக, மோட்டார் காற்றை இழுக்கும் முன் மரங்களுக்கு மிஞ்சியதைக் குடத்தால் அளந்தோம். ஒரு நாளைக்கு இருபது குடம். அதை ஒன்பது மரத்துக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு குடம் சொச்சம். வங்கி மேலாளரின் ஓஸ் மாதிரிதான் அது, வேருக்குப் போகாது.

"ஒரு நாளைக்கு ஒரே மரம். இருபது குடமும் அதுக்கே" என்றேன்.

"அப்போ மத்ததெல்லாம்?"

"அதது முறை வரும்போது குடிக்கும்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அச்சில் ஒரு தடவை நம்பியவள். ஒரு மரத்தில் செய்து பார்க்கலாம் என்று முடிவானது. அடிமரத்தில் தண்ணீர் படாதபடி மண் அணைத்து, கிளை நிழல் விழும் ஓரத்தில் வட்டமாக ஓடை வெட்டினோம். பழைய பிளாஸ்டிக் குடம் நான்கில் ஆணியைக் காய்ச்சித் துளை போட்டு, ஓடைக்குள் நான்கு திசையிலும் வைத்தோம். குடத்தை நிரப்பினால் தண்ணீர் பையப் பைய இறங்கும். ஐந்து தடவை நிரப்பினால் இருபது குடம். ஈரத்தைக் காற்று கொண்டுபோகாமல் மேலே மூட வேண்டும். வைக்கோலைப் போட்டால் அந்தக் காற்றில் அடுத்த ஊரில்தான் கிடக்கும்.

"ஐந்தருவியில குடிச்சுப்போட்ட இளநிக்கூடு மலையாக் கெடக்கே" என்றாள் கோமதி. மாரியப்பனைப் பார்த்தாள். "கடையிலருந்து வரும்போது வண்டி சும்மாத்தானே வருது?"

"என் வண்டியில குப்பை ஏத்தவா? மதினி, நான் மரத்த வெட்டணும்னு சொல்லுதவன். என்னையே உரம் சொமக்கச் சொல்லுதீகளே!"

"உரம் இல்ல, மூடி. ஏத்திட்டு வாங்க."

ஏற்றிக்கொண்டு வந்தான். முணுமுணுத்துக்கொண்டே இறக்கியும் போட்டான். கூடுகளைப் பாதியாகப் பிளந்து ஓடை மேல் கவிழ்த்து அடுக்கினோம். நிமிர்த்தி வைத்தால் கொசு வரும்.

கம்பியில் சாண் கணக்கில் பெயின்டால் கோடு போட்டுக் கொடுத்தேன். கோமதி தினம் காலையில் குத்திப் பார்த்துக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள். ஊற்றிய மறுநாள் இரண்டு சாண் இறங்கியது. ஏழாம் நாள் ஒரு சாண். எட்டாம் நாள் அரைச் சாண். ஒன்பதாம் நாள் நான்கு விரற்கடை. அன்று மத்தியானம் இலை மடங்கியது.

கணக்கு தெளிவாக இருந்தது. அந்த மண், அந்தக் காற்றில், ஏழு நாள் தாங்கும். ஏழு நாளில் ஏழு மரத்துக்குத்தான் தண்ணீர் உண்டு. மரமோ ஒன்பது. இரண்டைக் கைவிட்டாக வேண்டும்.

அதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. சொன்னேன். எந்த இரண்டு என்பதையும் குறித்துக்கொண்டு போயிருந்தேன். பின்பக்கம் கிணற்றை ஒட்டி ஒன்றுக்குப் பட்டை வெடித்துப் பிசின் வடிந்தது. நடுவில் ஒன்று பாதிக் கிளை காய்ந்துவிட்டது. இரண்டும் பிழைத்தாலும் இரண்டு வருடம் காய்க்காது. மற்றவற்றில் மிச்சமிருக்கும் பிஞ்சையும் பறித்துப் போட்டால் மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் என்றும் சொன்னேன். இந்த சீசன் காய் போய்விடும், மரம் நிற்கும்.

கோமதி பிஞ்சுக்கு உடனே சரி என்றாள். ஏணியைப் போட்டு அன்றே பறிக்கத் தொடங்கினாள். பிறகு இறங்கி, ஒன்பதையும் ஒரு சுற்று சுற்றி வந்தாள். ரோட்டோர மூலையில் போய் நின்றாள்.

"இது ரெண்டும் போகட்டும்க்கா."

"அதுல ஒண்ணு நல்லா நிக்குதே. ஒம்பதுலயே அதுதான் நல்ல மரம்."

"தெரியும். நான் நட்டது."

"பின்ன ஏன்? பிசின் வடியிறத விடுங்க."

"பிசின் வடியிறது பொழச்சுக்கிடும். நீங்க ஏழுக்கு முறை போட்டுக் குடுங்க."

எனக்கு அது தவறாகப் பட்டது. ஈரத்தின் ஆழத்தை அளக்கத் தெரிந்த நான், அவள் எதை அளக்கிறாள் என்று கேட்கவில்லை. நோட்டில் "தவறான தேர்வு" என்று எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஏழு மரத்துக்கும் கிழமை ஒதுக்கினோம். அந்த வீட்டில் இன்றும் மரங்களுக்கு அதுதான் பெயர். பிசின் வடிந்தது வெள்ளிக்கிழமை மரம். ஆடி பாதியில் திங்கள் மரமும் செவ்வாய் மரமும் துளிர்த்தன. மாதக் கடைசியில் ஆறு துளிர்த்துவிட்டன. வெள்ளிக்கிழமை மரம் மட்டும் ஒன்றும் சொல்லாமல் நின்றது. ரோட்டோரத்து இரண்டும் காற்றுக்கு நேராக நின்றவை. முதலில் இலையை உதிர்த்தன, பிறகு குச்சியாயின. நட்டவள் ஒரு குடம்கூட அவற்றுக்குத் தூக்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்வாள். அதை நான் இரண்டு முறை பார்த்தேன்.

ஆவணி பிறந்து முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு போனேன். கோமதியின் கணவர் புனலூரிலிருந்து வந்திருந்தார். மாரியப்பன் கொத்தனாரைக் கூட்டி வந்து, கயிறும் சுண்ணாம்புமாக நின்றான். எல்லாரும் பின்பக்கம் போனார்கள். ஏழு மரம், பச்சை இலை. வெள்ளிக்கிழமை மரத்தில்கூட அடிக்கிளையில் நகக்கண் அளவு துளிர் வந்திருந்தது. கணவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். 

"அண்ணே, ரெண்டு பட்டுப்போச்சு. முன்பக்கம் பாத்தியா?" என்றான் மாரியப்பன். குரலில் ஒரு பிடி கிடைத்த தெம்பு.

கோமதி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஆமா, கொழுந்தனாரே. ரோட்டோர மூலை காலியாத்தானே கெடக்கு. பின்னால ரூம்பு கட்டினா எவன் வந்து தங்குவான்? ரோட்டைப் பாத்து அங்கன கட்டுங்க. ஒரு ரூம்புக்குச் சரியா இருக்கும். நேத்தே கயிறு போட்டு அளந்து பாத்துட்டேன்."

மாரியப்பன் கொத்தனாரைப் பார்த்தான். கொத்தனார் மூலையைப் பார்த்தார். "அண்ணாச்சி, அது நல்ல எடந்தான்" என்றார். "வண்டி நிறுத்தவும் வசதி."

"மூணு ரூம்புன்னுல்லா பேச்சு..." என்று மாரியப்பன் இழுத்தான்.

"மூணு ரூம்புக்கு இந்தக் கெணத்துல தண்ணி ஏது? வாரவன் அருவியில குளிச்சது பத்தாதுன்னு இங்கன வேற குளிப்பான். இருவது குடம்தான் மிச்சம். காலண்டர்ல எழுதி வச்சிருக்கேன், பாக்குதீகளா?"

கணவர் சிரித்துவிட்டார். அதோடு முடிந்தது. ரோட்டோர மூலையில் ஒரே ஓர் அறை.

நான் கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். ஏழு வாரம் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் கம்பி எத்தனை சாண் இறங்கியது என்று எனக்குத் தெரியும். தன் கையால் நட்ட, இருந்ததிலேயே நல்ல மரத்தை அவள் ஏன் சாகவிட்டாள் என்பது அந்த நிமிடம் வரை தெரியாது. கிணற்றடியிலோ நடுவிலோ மரம் செத்திருந்தால் அந்தக் குழியிலிருந்து அறை பரவியிருக்கும். சாகிற இடத்தை அவள் முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

இதையும் சாரிடம் சொன்னேன். நோட்டில் எழுதியிருந்ததையும் சொன்னேன். "உன் நோட்டுல 'தவறான தேர்வு'ன்னு எழுதினியே, அதுக்கும் ஒரு திருத்தம் எழுதிடு" என்றார். "அச்சுல வேண்டாம். நோட்டுலயே, அதே பக்கத்துல." எழுதியிருக்கிறேன். அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பேச்சுதான். அவர் காலமாகிச் சில வருடம் ஆகிறது.

அதன் பிறகு நான் ஓய்வு பெறும் வரை எந்தத் தோட்டத்தைப் பற்றியும் வீட்டிலிருந்தபடி எழுதியதில்லை. கம்பி எப்போதும் பையில் இருக்கும். செங்கோட்டைப் பக்கம் எழுதினால் செங்கோட்டைக்கு, சுரண்டைப் பக்கம் எழுதினால் சுரண்டைக்கு என்று ஊர் போட்டுத்தான் எழுதினேன். அந்த முறை சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கோமதியின் வீட்டில் ஓஸ் இப்போது சாரல் காலத்தில் ஆணியில் தொங்குவதில்லை. மாரியப்பனின் கடையில் சீசனில் ஒரு பலகை இருக்கும்: "வீட்டு மரத்து எலுமிச்சை." நான் போனால், "மேடத்துக்கு வெள்ளிக்கிழமை மரத்துக் காய்" என்று சொல்லிப் பிழிவான். அது எந்த மரத்துக் காய் என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இந்த ஆனிக்கு வருகிறேன். அலுவலகத்துப் பெண்ணிடம் இதையெல்லாம் தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னேன். அறிவிப்பை மாற்றுவதாகச் சொன்னாள். திரையில் இரண்டு வரிக்குத்தான் இடமாம். மறுநாள் காலை வந்தது: "இன்று சாரல். மண்ணைக் கம்பியால் குத்திப் பார்த்து, தேவையென்றால் தண்ணீர் ஊற்றுங்கள்." பரவாயில்லை என்று நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் கோமதி அதையும் எனக்கு அனுப்பினாள். கீழே எழுதியிருந்தாள்: "தேவைன்னா எவ்வளவு? கம்பி எத்தனை சாண் இறங்கணும்னு போடலையே அக்கா?"

அவள் இசக்கிமுத்து சாரைப் பார்த்ததே இல்லை. ஒரு சொல்லும் மாற்றாமல் அந்தக் கேள்வியை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.